விசில் மாஸ்டரும் ஒப்பாரி பீரியடும்

விசில் மாஸ்டர் அந்தப் பள்ளிக்கூடத்தின் உடற்பயிற்சி ஆசிரியர். வாயைத் திறந்து பேசியதைவிட விசிலைப் பல்லில் கடித்துக்கொண்டு பேசியதுதான் அதிகம். நீளமாக ஒன்று ஊதினால் வரிசையில் நில். குட்டையாக இரண்டு ஊதினால் ஓடு. விடாமல் ஊதினால் யாரோ சுவரேறிக் குதிக்கிறார்கள் என்று அர்த்தம். வீட்டில் சோப்பு தீர்ந்துபோனால்கூட பாத்ரூமிலிருந்து விசில் சத்தம்தான் வரும் என்று அவர் மனைவி அக்கம்பக்கத்தில் சொல்லி வைத்திருந்தாள். அது அநியாயம். ஒரே ஒரு தடவைதான் அப்படி நடந்தது.

ஆள் வாட்டசாட்டம். அகலமான தோள், கட்டைக் கழுத்து, கதவை அடைத்துக்கொண்டு நிற்கிற உடம்பு. நடுவில் ஒரு தொப்பையும் உண்டு. அதைத் தொப்பை என்று யாராவது சொன்னால் கோபம் வரும். ஓய்வில் இருக்கிற தசை என்பார். குரல் கணீரென்று இருக்கும். கண்ணில் ஒரு மிரட்டல் இருக்கும். ஓர் உடற்பயிற்சி மாஸ்டருக்கு வேண்டிய எல்லாம் இருந்தது. தாளம் மட்டும் இல்லை.

கொஞ்சம் குறைவாக இருந்தது என்று நினைக்க வேண்டாம். அறவே இல்லை. இளவயதில் அவர் ஓட்டக்காரராக இருந்தவரை அது யாருக்கும் தெரியவில்லை. ஓட்டத்துக்குத் தாளம் எதற்கு? முன்னால் போகிறவனை முந்தினால் போதும். உடற்பயிற்சிக் கல்லூரியில் சேர்ந்த பிறகுதான் விவகாரம் வெளியே வந்தது. அணிவகுப்பில் எல்லாருடைய இடது காலும் முன்னால் போகும்போது இவருடைய வலது கால் போகும். சரிசெய்வதற்காக ஒரு குதி குதிப்பார். அதற்குள் மற்றவர்கள் வலது காலுக்கு மாறியிருப்பார்கள். கடைசி வரிசைக்குத் தள்ளினார்கள். முன்னால் நடப்பவனின் குதிகாலை மிதித்து அவன் செருப்பைக் கழற்றினார். பயிற்சியாளர் வெறுத்துப்போய் ஒரு விசிலைக் கையில் கொடுத்து, "நீ நடக்கவே வேணாம்பா, ஓரமா நின்னு ஊது" என்றார்.

அன்றைக்கு அவருக்கு ஞானம் பிறந்தது. விசில் ஊதுகிறவனுக்குத் தாளம் தப்புவதே கிடையாது. தப்பினால் அது நடக்கிறவனின் தப்பு.

அந்த ஒரு ஞானத்தை வைத்துக்கொண்டே அவர் படித்து முடித்தார், வேலை வாங்கினார், மீசை வளர்த்தார். பள்ளிகளுக்கு இடையிலான அணிவகுப்புப் போட்டியில் அவர் தயாரித்த பிள்ளைகள் வருஷா வருஷம் கடைசி இடம். காலில் முள் குத்தின ஒரு கூட்டம் ஆஸ்பத்திரிக்குப் போவது மாதிரி நடப்பார்கள். நடுவர் ஒருவர் மனசு கேட்காமல் 'தனிப் பாணி' என்று ஒரு சான்றிதழ் கொடுத்துவிட்டுப் போனார். மாஸ்டர் அதைச் சட்டம் போட்டு மாட்டினார்.

இந்த ரகசியத்தால் அவருக்கு ஒரே ஒரு நஷ்டம்தான். அது அவர் மனைவியின் தங்கை.

மாஸ்டருக்குக் கல்யாணமான புதுசு. மனைவி கண்ணாடிக் கடை ஒன்றில் லென்ஸ் தேய்க்கும் வேலை பார்த்தாள். அவளுடைய தங்கை, வீட்டில் 'சின்னவ' என்று கூப்பிடுவார்கள், அப்போது பாட்டு படித்துக்கொண்டிருந்தாள். ஊர் மண்டபத்தில் பாட்டுப் போட்டி. புது மாப்பிள்ளைக்கு முன்வரிசையில் இடம். சின்னவ மேடையேறி, கண்ணை மூடி, பிரமாதமாகப் பாட ஆரம்பித்தாள். ரெண்டாவது சரணத்தில் கூட்டம் கைதட்டத் தொடங்கியது. மாஸ்டருக்குப் புது மாமியார் வீட்டுப் பாசம் பொங்கிவிட்டது. அவரும் தட்டினார். சாதாரணக் கையா அது? ஒவ்வொன்றும் ஒரு முறம். மண்டபத்திலேயே அவர் தட்டுவதுதான் கேட்டது. சின்னவ குழம்பிப்போய் அந்தச் சத்தத்துக்குப் பின்னால் போனாள். டிரம்ஸ் வாசித்தவர் சின்னவளுக்குப் பின்னால் போனார். கீபோர்டுகாரர் யார் பின்னால் போவது என்று தெரியாமல் அப்படியே கையை எடுத்துவிட்டார். பாட்டு நடுரோட்டில் படுத்துக்கொண்ட மாடு மாதிரி நின்றுபோனது. கூட்டம் சிரித்தது. சின்னவ அழுதுகொண்டே இறங்கி வந்தாள்.

வாசலில் வைத்துக் கேட்டாள். "மாமா, உண்மையச் சொல்லுங்க. வேணும்னேதான பண்ணீங்க?"

பக்கத்தில் புது மனைவி நின்றுகொண்டிருந்தாள். அவளிடம்தான் முந்தின வாரம், கல்லூரி அணிவகுப்புக்கே தான்தான் தலைவன் என்று அளந்துவிட்டிருந்தார். மாஸ்டர் ஒரு கணம் யோசித்தார். பிறகு தோளைக் குலுக்கி, "ஆமா. சும்மா ஒரு விளையாட்டுக்கு" என்றார்.

அதோடு சரி. சின்னவ அவரிடம் பேசுவதை நிறுத்தினாள். அவர் இருக்கும் வீட்டுக்கு வருவதையும் நிறுத்தினாள். அக்காவைப் பார்க்க வேண்டுமென்றால் கண்ணாடிக் கடைக்குப் போய், பார்வை நன்றாக இருந்தும் கண் பரிசோதனைக்கு உட்கார்ந்துவிட்டு வந்தாள்.

இப்படியே பல வருஷங்கள் ஓடின. வேலை தேடிக்கொண்டிருந்த தங்கைக்கு அக்காக்காரி ஒரு நல்லது செய்தாள். புருஷன் வேலை பார்க்கிற பள்ளிக்கூடத்திலேயே சிபாரிசு பண்ணிவிட்டாள். ரெண்டு பேரிடமும் சொல்லவில்லை. ஒரு திங்கட்கிழமை காலை, பிரார்த்தனைக் கூட்டத்தில் புது பாட்டு மிஸ் என்று பெரிய மேடம் அறிமுகப்படுத்திய ஆளைப் பார்த்ததும் மாஸ்டர் விசிலை விழுங்கப் பார்த்தார். ஆனாலும் பெரிய சங்கடம் எதுவும் வரவில்லை. அவருக்கு மைதானம், அவளுக்கு மூன்றாவது மாடி. நடுவில் ரெண்டு மாடி உயரத்துக்குக் கணக்கும் அறிவியலும் கிடந்தன. எதிர்ப்பட்டால் அவள் கடிகாரத்தைப் பார்ப்பாள், இவர் வானத்தைப் பார்ப்பார்.

அந்த நிம்மதிக்கு உலை வைத்தது பெரிய மேடம்தான். தலைமை ஆசிரியையான அவருக்கு ரெண்டு பலவீனம்: புதுக் கட்டடம், ஒருநாள் பயிலரங்கு. ஒரே மாதத்தில் ரெண்டும் வந்து சேர்ந்தன. மைதானத்தில் புதுக் கட்டடத்துக்குக் குழி தோண்டினார்கள். மூன்றாவது மாடியை இடித்து அகலப்படுத்த ஆரம்பித்தார்கள். குளுகுளு அறையில் நடந்த பயிலரங்கு ஒன்றில் உட்கார்ந்துவிட்டு வந்த மேடம், ஓவியம், பாட்டு, உடற்பயிற்சி மூன்றையும் கூப்பிட்டார்.

"இனிமே மூணும் தனித்தனி கிடையாது. மூணு பேரும் ஒண்ணா ஒரு வகுப்பு எடுக்கறீங்க. பேரு, ஒருங்கிணைந்த படைப்பாற்றல் வகுப்பு. குழந்தையோட கண்ணு, காது, உடம்பு எல்லாம் ஒரே நேரத்துல மலரணும்."

"எங்க வச்சு மேடம் மலரணும்?" என்றார் மாஸ்டர்.

"பழைய சாப்பாட்டுக் கூடத்துல."

அறிவிப்புப் பலகையில் இடம் போதாததால் ஒ.ப.வ. என்று சுருக்கி எழுதினார்கள். மறுநாளே பிள்ளைகள் அதை ஒப்பாரி பீரியட் என்று மாற்றிவிட்டார்கள். முதல் வகுப்பு நடந்த விதத்தைப் பார்த்தவர்கள் பெயர் பொருத்தம்தான் என்று ஒப்புக்கொண்டார்கள்.

சாப்பாட்டுக் கூடம் நீளமானது. ஒரு பக்கம் ஸ்டீல் மேசைகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றி வைத்திருந்தார்கள். இன்னொரு பக்கம் கைகழுவும் தொட்டிகள் வரிசையாக இருந்தன. அதில் பாதிக் குழாய்கள் மூடினாலும் சொட்டும். தரை துடைத்த துணியின் வாசனை நிரந்தரமாகக் குடியிருந்தது. மூன்று ஆசிரியர்களும் கூடத்தை மூன்றாகப் பங்கு போட்டுக்கொண்டார்கள். பாட்டு மிஸ் கீபோர்டைத் திறந்தாள். மாஸ்டர் விசிலை எடுத்தார். நடுவில் டிராயிங் சார் ஒரு நாற்காலியைப் போட்டு அதன்மேல் ஒரு வாளியை வைத்து, வரையுங்கள் என்பதுபோல் கையைக் காட்டினார்.

டிராயிங் சார் ஒல்லியான, சோகமான மனிதர். ஒருநாளைக்கு இத்தனை வார்த்தைதான் என்று யாரோ அளந்து கொடுத்த மாதிரி பேசுவார். அவர் தலையில்தான் விடிந்தது.

"சார், அந்த மனுஷனுக்குக் கொஞ்சமாவது அறிவிருந்தா அந்த விசில ஜன்னல் வழியா வீசச் சொல்லுங்க" என்பாள் பாட்டு மிஸ்.

டிராயிங் சார் மாஸ்டர் பக்கம் திரும்பி, "விசில்" என்பார்.

"முடியாதுன்னு சொல்லுங்க சார். இது என் தொழில். மொதல்ல அந்தக் கீபோர்ட மூடச் சொல்லுங்க. பசங்க கவனமெல்லாம் போகுது."

டிராயிங் சார் இந்தப் பக்கம் திரும்பி, "மாட்டாராம்" என்பார்.

ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இது சினிமாவைவிட நன்றாக இருந்தது. வாளியை வரையச் சொன்னவர்கள் ஓடினார்கள். ஓடச் சொன்னவர்கள் பாடினார்கள். முதல் நாளே வாளி கவிழ்ந்தது. அதில் தண்ணீர் இருந்ததென்பது அப்போதுதான் மற்ற இருவருக்கும் தெரிந்தது.

மூன்றாவது வாரம் கரண்ட் போனது. கீபோர்டு ஊமையாகிவிட்டது. கூடத்தில் அரை இருட்டு. பிள்ளைகளுக்கு ஒரே கும்மாளம். டிராயிங் சார் மூலையிலிருந்து ஒரு பெரிய காகித உருளையை உருட்டிக்கொண்டு வந்தார். செய்தித்தாள் அச்சகத்தில் மிச்சமாகிற வெற்று உருளை. அவருடைய அண்ணன் அங்கே வேலை பார்த்தார். அதைக் கூடத்தின் நீளத்துக்கும் விரித்துவிட்டு, எல்லார் கையிலும் ஒரு மெழுகுக் கலர் கொடுத்துக் குப்புறப் படுக்கச் சொன்னார். பிறகு பாட்டு மிஸ்ஸைப் பார்த்து, "கீபோர்டு வேணாம். வாயால பாடுங்க. பாட்டு ஏறினா கோடு ஏறட்டும். எறங்கினா எறங்கட்டும்" என்றார். அந்த வாரத்துக்கான வார்த்தைகளை அவர் அதிலேயே செலவழித்துவிட்டார்.

அவள் பாடினாள். பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு கோடு இழுத்தார்கள். கூச்சல் அடங்கி, காகிதத்தில் மெழுகு உரசுகிற சத்தம் மட்டும் கேட்டது. ஒரு பையன், பாட்டு மிஸ் நீளமாகப் பிடித்த ஒரு சுரத்தை விடாமல் இழுத்துக்கொண்டே போய், காகிதம் முடிந்து, தரை முடிந்து, சுவரில் ஏறி, கதவு வழியாக வராந்தாவுக்கே போய்விட்டான். பெரிய மேடம் அவனை அலுவலக வாசலில் வைத்துப் பிடித்தார். "என்னடா பண்றே?" என்று கேட்டதற்கு, "மிஸ் இன்னும் நிறுத்தல மேடம்" என்றான்.

கூடத்தில் மாஸ்டர் அந்தக் கோடுகளையே பார்த்துக்கொண்டு நின்றார். மலையும் பள்ளமுமாக ஓடுகிற பாதை. பாதை என்றால் அவருக்குத் தெரிந்தது ஒன்றுதான். ஒரு விசில் கொடுத்தார். "எல்லாரும் எந்திரிங்க! அவனவன் போட்ட கோட்டு மேல அவனவன் நடந்து காட்டணும். ஏறுற எடத்துல கைய மேல தூக்கு. எறங்குற எடத்துல குனி. விழுந்தவன் திரும்ப மொதல்லேருந்து!"

பாட்டு மிஸ் நிறுத்தின பாட்டைத் திரும்ப ஆரம்பித்தாள். அது அவர்கள் இருவரும் பல வருஷங்களில் சேர்ந்து செய்த முதல் காரியம்.

அதற்குப் பிறகு ஒப்பாரி பீரியடுக்குப் பிள்ளைகள் வராந்தாவில் முட்டி மோதிக்கொண்டு வந்தார்கள். ஒரு வாரம், பாட்டைக் கேட்டு முதுகோடு முதுகு ஒட்டி நின்று ஆடிவிட்டு, ஆடியதைக் கரியால் வரைந்தார்கள். இன்னொரு வாரம், ஒருவர் வரைந்த கிறுக்கலை மற்றவர்கள் சத்தமாகப் பாடிக் காட்டினார்கள். சுழி வந்தால் தொண்டைக்குள் ஒரு சுற்று, புள்ளி வந்தால் நாக்கில் ஒரு சொடுக்கு. மாஸ்டர் ஆரம்பிக்கவும் நிறுத்தவும் மட்டும் விசில் ஊதினார். தாளம் அவருக்கு எட்டாத தூரத்தில், பாட்டு மிஸ்ஸின் கையில் பத்திரமாக இருந்தது. மனுஷன் குளிர்காய்ந்தார்.

பிரச்சினை ஃபோட்டோவில் வந்தது. மேலிடத்துக்கு அனுப்ப ஃபோட்டோ வேண்டுமென்று பெரிய மேடம் ஒருநாள் கேமராவோடு வந்துவிட்டார். அன்றைக்கு டிராயிங் சார் புது ஏற்பாடு ஒன்று செய்திருந்தார். காகித உருளையை அகலமாக ஒட்டி, ஓட்டப் பந்தயத்துக்குப் போடுவது மாதிரி ஆறு தடங்கள் கோடு போட்டிருந்தார். குறுக்கே ஏணிப்படி மாதிரி படிகள். கரைத்த கலர் தட்டுகளில் காலை நனைத்துக்கொண்டு ஆறு பேர் ஒரே நேரத்தில் கிளம்ப வேண்டும். பாட்டின் ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு படி. முதல் தட்டுக்கு முழுப் பாதத்தையும் அழுத்தி வைக்க வேண்டும். அடுத்த மூன்று தட்டுக்கும் நுனிவிரலில் வைக்க வேண்டும். திரும்ப ஒரு அழுத்தம், திரும்ப மூன்று நுனி. அவ்வளவுதான் விளையாட்டு.

ஐந்து பிள்ளைகள் நின்றார்கள். ஆறாவது தடத்துக்கு ஆளைத் தேடியபோது வாலு கையைத் தூக்கினாள். வகுப்பிலேயே பெரிய தொல்லை அவள்தான்.

"மேடம், விசில் சார் ஒரு நாள்கூட எங்க கூட நடக்கவே இல்ல மேடம். எப்பப் பாத்தாலும் ஓரமா நின்னு ஊதிட்டே இருக்காரு."

மேடம் முகம் மலர்ந்தது. "ஆமா மாஸ்டர், நீங்களும் வாங்க! ஆசிரியரும் மாணவரும் சேர்ந்து கத்துக்கறாங்கன்னு எழுதலாம்."

"மேடம், முட்டி வலி…"

"நாலு அடி நடக்க என்ன மாஸ்டர்? பேன்ட மடிச்சு விடுங்க. அந்த விசில வாயிலேருந்து எடுங்க, ஃபோட்டோல நல்லாயிருக்காது."

விசிலைக் கழற்றியதும் மாஸ்டருக்குத் துணியை அவிழ்த்த மாதிரி இருந்தது. நீலத் தட்டில் காலை வைத்தார். ஜில்லென்றது. பாட்டு மிஸ் அவர் இருந்த திசையைப் பார்க்காமல் பாட ஆரம்பித்தாள். ஆறு பேரும் கிளம்பினார்கள். மேடம் ஃபோட்டோ எடுத்தார். மாஸ்டர் பக்கத்துத் தடத்துப் பிள்ளையின் காலை ஓரக்கண்ணால் பார்த்துப் பார்த்து நடந்தார். பார்த்துவிட்டு வைப்பதற்குள் அந்தக் கால் அடுத்த படிக்குப் போய்விட்டிருந்தது. எட்டிப் பிடிக்க ரெண்டு படியை ஒன்றாகத் தாண்டினார். பாட்டு முடிந்தபோது, மற்ற ஐந்து பேரும் ஒரே படியில் நிற்க, அவர் மட்டும் முன்னால் போய்க் கைகழுவும் தொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

மேடத்துக்கு அதெல்லாம் கண்ணில் படவில்லை. "அருமை, அருமை" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். டிராயிங் சார் காகிதத்தைக் காயவைப்பதற்காக எடுத்துச் சுவரில் ஒட்டினார். ஒட்டிவிட்டு ரெண்டு எட்டு பின்னால் வந்து பார்த்தார்.

நிமிர்த்தி மாட்டியபோது எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. ஐந்து தடங்களிலும் அழுத்தி வைத்த முழுப் பாதங்கள் ஒரே கோட்டில், இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்குப் பட்டை பட்டையாக ஓடின. நடுநடுவே நுனிவிரல்கள் பொட்டு வைத்த மாதிரி. கம்பளத்தில் நெய்த வேலைப்பாடு தோற்றது. ஆறாவது தடத்துக்கு வந்ததும் பட்டை அறுந்துபோனது. அங்கே பெரிய பெரிய நீலப் பாதங்கள் நினைத்த இடத்தில் விழுந்து கிடந்தன. ஒரு படியில் ரெண்டு, அடுத்ததில் ஒன்றுமில்லை, ஓரிடத்தில் குதிகால் மட்டும்.

"ஐய, விசில் சார் மட்டும் தப்பு!" என்று வாலு கத்தினாள். "சார், உங்களுக்குத் தாளமே வரல சார்!"

மாஸ்டர் விசிலைத் தேடினார். அது மேசைமேல் இருந்தது. மணி அடித்தது, பிள்ளைகள் கலர் காலோடு தொட்டிப் பக்கம் ஓடினார்கள். பாட்டு மிஸ் மட்டும் சுவரைவிட்டு நகரவில்லை. விரலால் அந்த ஆறாவது தடத்தை அடியிலிருந்து நுனிவரை தடவிக்கொண்டே போனாள். திரும்பினாள்.

"கை தட்டுங்க" என்றாள். டிராயிங் சாரிடம் அல்ல. நேராக.

"எதுக்கு?"

"தட்டுங்க மாமா. நான் பாடறேன். நீங்க தட்டுங்க."

மாமா என்ற வார்த்தை கேட்டு மாஸ்டருக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. அவள் பாடினாள், இவர் தட்டினார். முகமெல்லாம் வேர்க்க, நாக்கைக் கடித்துக்கொண்டு, தேர்வு எழுதுகிற பிள்ளை மாதிரி முழுக் கவனத்தோடு தட்டினார். ஒரு தட்டுகூடச் சரியாக விழவில்லை. குருட்டாம்போக்கில்கூட ஒன்றாவது விழ வேண்டும், அதுவும் இல்லை.

அவள் பாட்டை நிறுத்தினாள். "அன்னிக்கும் இப்படித்தானா?"

"அன்னிக்கும் இப்படித்தான்."

"அப்ப ஏன் வேணும்னே பண்ணேன்னு சொன்னீங்க?"

மாஸ்டர் தன் நீலக் காலைப் பார்த்தார். "தெரியாதவன்னு பேர் வாங்கறதவிட கெட்டவன்னு பேர் வாங்கறது கொஞ்சம் கௌரவமா இருந்துச்சும்மா. அதுவும் உங்கக்கா பக்கத்துல நின்னுட்டிருந்தா."

அவள் முதலில் முறைத்தாள். உதட்டோரம் ஒன்று துடித்தது. அப்புறம் சிரிக்க ஆரம்பித்தவள், சுவரில் சாய்ந்து, சரிந்து, தரையில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். "இதுக்காகவா… இத்தன வருஷம்… நான் கண்ணு நல்லா இருந்தும்… கண்ணாடிக் கடைக்கு…" முடிக்க முடியவில்லை. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று மாஸ்டருக்குப் புரியவில்லை. டிராயிங் சார் அவளுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்தார். அது கலர் கரைத்த டம்ளர். அவள் குடித்துவிட்டு இன்னும் சிரித்தாள்.

அன்று மாலை வீட்டில் மாஸ்டர் மனைவியிடம் விஷயத்தைச் சொன்னார். கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் சொன்னார். அவள் சலவைத் துணியை மடித்துக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னாள்.

"இதென்ன பெரிய விஷயம். எனக்குத்தான் தெரியுமே."

"எப்போலேருந்து?"

"கல்யாணமான மொத வாரத்துலேருந்து. உங்க கூட ரோட்டுல நடந்து போனா தெரியாதா? நாலு எட்டுக்கு ஒரு தடவ என் செருப்ப மிதிச்சீங்களே."

"அடிப்பாவி! அப்ப உன் தங்கச்சிகிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்களா சொல்வீங்கன்னு பார்த்தேன்." ஒரு சட்டையை உதறினாள். "அதுவும் இல்லாம, அவ வீட்டுப் பக்கம் வராம இருந்தது எனக்கும் கொஞ்சம் நிம்மதியாத்தான் இருந்துச்சு. வந்தா ஒரே அட்வைசு. அலமாரிய அங்க வையி, நாற்காலிய இங்க வையின்னு."



ரகசியம் வெளியே வந்தால் மானம் போய்விடும் என்று அவர் இத்தனை காலம் பயந்திருந்தார். மானம் போகத்தான் போனது. ஆனால் போன பிறகு அது இல்லாமல் இருப்பது அவ்வளவு கஷ்டமாக இல்லை. அடுத்த வாரமே பாட்டு மிஸ் அவருக்கு ஒரு வேலை வைத்திருந்தாள்.

"பசங்களா, இனிமே புது விளையாட்டு. நான் பாடுவேன், நீங்க தடத்துல நடப்பீங்க. விசில் சார் நடுவுல நின்னு கை தட்டுவார். அவர் பக்கம் இழுபட்டவங்க அவுட்டு. இவர் தட்டும்போது தப்பாம நடந்துட்டீங்கன்னா, அப்புறம் உங்க காலை எந்தக் கொம்பனாலும் அசைக்க முடியாது."

"இது அவமானம் இல்லையா?" என்று மாஸ்டர் டிராயிங் சாரிடம் மெதுவாகக் கேட்டார்.

"ஆமா" என்றார் டிராயிங் சார்.

முதல் நாள் மொத்த வகுப்பும் அவுட்டு. முறம் போன்ற அந்தக் கைகளிடமிருந்து யாரும் தப்பவில்லை. சுவரில் மாட்டிய காகிதத்தில் எல்லாத் தடங்களும் ஆறாவது தடம் மாதிரியே இருந்தன. வாலுவுக்கு ரோஷம் வந்துவிட்டது. மத்தியான இடைவேளையில் மாஸ்டரைத் தேடிப் பிடித்து, "சார், ரெண்டு நிமிஷம் தட்டுங்க சார்" என்று கேட்டு வாங்கிப் பழகினாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் வந்தார்கள். மாஸ்டர் பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்து வாய்க்குக் கொண்டுபோகும்போதெல்லாம் எதிரே யாராவது வெறுங்காலோடு நின்றார்கள். மெல்ல மெல்லச் சுவரிலிருந்த பட்டைகள் நேராகின. மாஸ்டரும் சும்மா இருக்கவில்லை. எங்கே தட்டினால் யார் தடுமாறுவார்கள் என்று யோசித்து, தூணுக்குப் பின்னாலிருந்து தட்டுவதும், திடீரென்று நிறுத்துவதும், காதோரம் வந்து ஒன்று கொடுப்பதுமாகப் போக்கிரித்தனம் பண்ணினார். வாழ்க்கையில் முதல்முறையாக அவர் வேண்டுமென்றே செய்தார். ரசித்துச் செய்தார்.

பெற்றோர் நாள் வந்தது. கல்வி அதிகாரி ஒருவர் சிறப்பு விருந்தினர். புதுக் கட்டடத்தின் பாதி முடிந்த மண்டபத்தில், காகித உருளையை விரித்து, பிள்ளைகள் கலர் தட்டுகளோடு வரிசையாக நின்றார்கள். பாட்டு மிஸ் ஆரம்பித்தாள். கால்கள் கிளம்பின. ஒரு பாதம், மூன்று நுனி. கைகள் ஏறி இறங்கின. வெள்ளைக் காகிதத்தில் சிவப்பும் மஞ்சளும் நீலமுமாகப் பட்டைகள் ஒவ்வொன்றாக முளைத்தன. பெற்றவர்கள் உட்கார்ந்திருப்பார்களா? தன் பிள்ளைதான் நட்ட நடுவில் என்று ஒவ்வொருவரும் எழுந்து தட்ட ஆரம்பித்தார்கள். அதிகாரியும் உற்சாகமாகி மேசையைத் தட்டினார். ஒருவர் தட்டுக்கும் இன்னொருவர் தட்டுக்கும் சம்பந்தமே இல்லை. தகரக் கூரைமேல் ஆலங்கட்டி விழுகிற மாதிரி ஒரு சத்தம். பாட்டு மிஸ்ஸின் முகம் ஒரு நொடி வெளுத்தது. மாஸ்டர் ஓரத்திலிருந்து அதைப் பார்த்துவிட்டார். தன்னையறியாமல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

பிள்ளைகள் அசரவில்லை. அந்த ஆலங்கட்டி மழைக்கு நடுவே ஒரு பாதம், மூன்று நுனி என்று போய்க்கொண்டே இருந்தார்கள். வாலு மட்டும் நடந்தபடியே முன்வரிசையில் தட்டிக்கொண்டிருந்த தன் அப்பாவைப் பார்த்து, "அப்பா, நீயெல்லாம் எங்க சார்கிட்ட பிச்ச வாங்கணும்" என்றாள். மண்டபத்துக்கே கேட்டது. மாஸ்டருக்கு அப்போது வந்த பெருமை, வாங்கி மாட்டிய எந்தச் சான்றிதழிலும் வந்ததில்லை.

நிகழ்ச்சி முடிந்ததும் அதிகாரி கேட்டார்: "இந்த முறைக்கு என்ன பேரு?"

பெரிய மேடம் தொண்டையைச் செருமினார். "ஒருங்கிணைந்த படைப்பாற்றல்…"

"ஒப்பாரி பீரியட் சார்" என்றார்கள் பிள்ளைகள்.

அதிகாரி அதையே குறித்துக்கொண்டு போனார். அடுத்த மாதம் ஓர் உத்தரவு வந்தது. சுற்றுவட்டாரப் பள்ளிக்கூடங்களுக்குப் போய், அங்கிருக்கும் ஆசிரியர்களுக்கு மூவரும் இதைச் சொல்லித்தர வேண்டும்.

முதல் பயணம் பஸ்ஸில். காகித உருளையை டிராயிங் சார் குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டார். மூடி போட்ட கலர் வாளி மாஸ்டர் பொறுப்பு. சின்னவ ஜன்னலோரம் உட்கார்ந்து, அக்கா வீட்டு அலமாரியை எங்கே வைக்கலாம் என்று மாஸ்டருக்கு விளக்கிக்கொண்டு வந்தாள். ஒரு திருப்பத்தில் பஸ் பிரேக் போட, வாளி சரிந்து, மூடி உருண்டு ஓட்டுநர் பக்கம் போனது. இறங்க நின்றிருந்த கூட்டம் நீலத்தை மிதித்துக்கொண்டு முன்னும் பின்னும் அலைந்தது. கண்டக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"யாருய்யா இது? யாரு பண்ண வேல இது?"

"எங்க மாமாதான்" என்றாள் சின்னவ, உடனே, கொஞ்சமும் யோசிக்காமல்.

"பிரேக் போட்டது டிரைவரும்மா! நான் என்ன பண்ணேன்?"

"வாளிய யார் புடிச்சிருந்தது? அத மட்டும் சொல்லுங்க மாமா."

"இறங்கறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் தொடைச்சிட்டு இறங்கணும், சொல்லிட்டேன்" என்று கண்டக்டர் குதித்தார். குதித்ததில் அவர் காலும் நீலமானது.

மாஸ்டர் பேன்ட்டை மடித்துவிட்டுக் குனிந்தார். சின்னவ துப்பட்டாவைச் சொருகிக்கொண்டு, கிடைத்த பழைய செய்தித்தாளோடு மறுபக்கத்திலிருந்து துடைத்துக்கொண்டு வந்தாள். ரெண்டு பேரும் நடுவில் தலை முட்டிக்கொண்டார்கள். யார் முட்டியது என்று அதற்கும் ஒரு வாக்குவாதம் தொடங்கியது. இறங்க வேண்டிய நிறுத்தம் பின்னால் போய்க்கொண்டிருந்தது. டிராயிங் சார் மட்டும் இடத்தைவிட்டு எழுந்திருக்கவில்லை. கழுத்தை நீட்டி, முன் கதவிலிருந்து பின் கதவுவரை பதிந்திருந்த காலடிகளை ரொம்ப நேரம் பார்த்தார்.

"இன்னும் கொஞ்சம் மஞ்சள் வேணும்" என்றார்.